ஜப்பானில் உருவான ராமாயணமும் ஓர் இந்திய ஓவியரும்

புது தில்லி: 2025 ஜனவரி 24-ஆம் தேதி நாடெங்கும் திரையரங்குகளுக்கு வந்த "ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா" புதிய படம் அன்று. 1993 ஜனவரியில் தில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட கார்ட்டூன் படம் அது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் நாடு தழுவிய அளவில் ரசிகர்களை எட்ட அதற்கு 32 ஆண்டுகள் ஆயின. இயக்குநர்களாக இரு ஜப்பானியர்களுடன் இடம்பெற்ற ஒரே இந்தியப் பெயர் ராம் மோகன். அந்த நாளைக் காண அவர் இல்லை. 2019 அக்டோபரில், 88-ஆவது வயதில் மறைந்துவிட்டார்.

"இந்திய அனிமேஷனின் தந்தை" என்று அழைக்கப்பட்ட ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். ஆய்வுக்கூடம் அவரை ஈர்க்கவில்லை. 1956-ல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் பம்பாயில் அமைத்த கார்ட்டூன் பட அலகில் சேர்ந்தார். அங்கு பயிற்சி அளிக்க அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் வந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னி நிறுவனத்தில் "பாம்பி" போன்ற படங்களில் பணியாற்றிய அவர், இந்தியாவில் மதபோதகர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வழிகாட்டுதலில் ஜாதகக் கதை ஒன்று "தி பேன்யன் டீர்" என்ற படமாயிற்று. இந்தத் தொழிலுக்கு நாட்டில் முதல் பள்ளிக்கூடமாக அமைந்தது தனியார் நிறுவனம் அல்ல, ஓர் அரசு அலுவலகம் என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி.

பாத்திரங்களுக்கு அசைவு கொடுப்பவரின் வேலை வெறும் ஓவியம் அன்று; அது நடிப்பு. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். நடிகர் திரும்பிப் பார்த்தால் கேமரா பதிந்துகொள்ளும். வரைபவரோ முதலில் கண், பிறகு தலை, பின்னர் தோள் என்று அந்தத் திரும்பலைத் தாள் தாளாகப் பிரித்து வரைய வேண்டும். கோபத்தில் திரும்புபவருக்கும் சோர்வில் திரும்புபவருக்கும் இடையிலான வேறுபாடு, எத்தனை தாள்கள், எந்த இடைவெளியில் என்ற கணக்கில்தான் இருக்கிறது. பாத்திரம் பேசப்படும், அதற்குள் ஒளிந்திருக்கும் நடிகரான ஓவியர் பேசப்படுவதில்லை.

1968-ல் அரசுப் பணியை விட்ட ராம் மோகன், 1972-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பிழைப்புக்கு விளம்பரப் படங்கள். ஆனால் நாட்டின் முன்னணி இயக்குநர்கள் அவரைத் தேடி வந்தனர். மிருணாள் சென்னின் "புவன் ஷோம்" (1969) படத்தில் வரும் அசைவோவியக் காட்சி அவருடையது. சத்யஜித் ராயின் "ஷத்ரஞ்ச் கே கிலாடி" (1977) படத்தில், சமஸ்தானங்களை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாக விழுங்கியதைக் கேலியாகச் சொல்லும் பகுதியும் அவர் பங்களிப்பே. பாடநூல் பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்தச் சில நிமிடங்கள் சொல்லிவிடுகின்றன. "யூ செட் இட்", "ஃபயர் கேம்ஸ்" ஆகிய குறும்படங்களுக்கு அவர் தேசிய விருது பெற்றார்.

முழுநீளப் படம் மட்டும் கைகூடவில்லை. அந்த வாய்ப்பு வந்தது ஜப்பானிலிருந்து. தொல்லியலாளர் பி.பி. லாலின் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க 1983-ல் வந்த யுகோ சாகோ, ராமாயணத்தை கார்ட்டூன் படமாக்க விரும்பினார். அவ்வாண்டு வெளியான ஒரு தவறான பத்திரிகைச் செய்தியை நம்பி, அந்நியர் ராமாயணத்தை மனம்போனபடி படமாக்கக் கூடாது என்று விசுவ ஹிந்து பரிஷத் தில்லியில் உள்ள ஜப்பான் தூதரகத்துக்கு ஆட்சேபம் அனுப்பியது. சாகோ விளக்கமளித்த பிறகு எதிர்ப்பு தணிந்தது. அரசுத் தரப்புதான் இறங்கி வரவில்லை. கார்ட்டூனாகக் காட்ட முடியாத அளவுக்கு உணர்வுபூர்வமான விஷயம் என்று அது கருதியது. கூட்டுத் தயாரிப்பு நடைபெறாமல் போய், படம் ஜப்பானில் உருவானது.

வேட்டி எப்படிக் கட்டப்படுகிறது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி பெறுகிறார்கள் என்பதை ஜப்பானிய ஓவியர்களுக்கு இந்தியக் குழுவினரே சொல்லிக் கொடுத்தனர். வனராஜ் பாட்டியா இசையமைத்தார். தில்லி விழாவில் படம் திரையிடப்பட்டபோது அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதமே கழிந்திருந்தது. ராமர் என்ற பெயரே அரசியலாகிவிட்ட அந்த நேரத்தில், நிதானமான ஒரு கலைப்படைப்புக்குக் காது கொடுப்பார் யார்?

அதே ஆண்டுகளில் ராம் மோகனின் கை மற்றொரு பாத்திரத்துக்கு உருக்கொடுத்தது. தெற்காசியச் சிறுமிகளுக்காக யுனிசெஃப் உருவாக்கிய "மீனா" அது. இந்து, முஸ்லிம் இரு வீடுகளிலும் வழங்கும் பெயர். எந்த ஒரு நாட்டுக்கும் உரியது என்று சுட்ட முடியாத உடை. ஒரு கதையில் தம்பி ராஜுவுக்கு மாம்பழத்தின் பெரிய பங்கு போகிறது. அக்காளும் தம்பியும் ஒருநாள் வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள். யார் உழைப்பு கூடுதல் என்பது மாலைக்குள் தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, தன் கிளி மிட்டுவின் வழியாக எண்ணக் கற்று கோழித் திருடனைப் பிடிக்கிறாள். பகைமை பாராட்டும் அண்டை நாடுகளின் தொலைக்காட்சிகள் அனைத்திலும் இடம்பிடித்த பாத்திரம் வேறு உண்டா என்பது ஐயமே. இதன் தொடக்கப் பகுதிகள்கூட மணிலாவில் இருந்த ஸ்டூடியோவில்தான் தயாராயின.

1990-களின் இறுதியில் அவரது நிறுவனம் யுடிவியுடன் இணைந்தது. வெளிநாட்டுத் தொடர்களுக்கு இந்திய நிறுவனங்கள் கூலிக்கு வரைந்து கொடுத்த காலம் அது. கதையும் பாத்திர வடிவமும் அங்கே, இடைப்பட்ட தாள்களை நிரப்பும் உழைப்பு இங்கே. பாத்திரத்தை நடிக்க வைப்பவர்களைவிடக் கோடுகளை நிரப்புபவர்களே அதிகம் தேவைப்பட்டனர். 2006-ல் ராம் மோகன் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பத்மஸ்ரீ விருது 2014-ல்தான், 82-ஆவது வயதில் வந்தது.

அவர் பயின்ற பிலிம்ஸ் டிவிஷன் 2022 மார்ச்சில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு பட்ஜெட்டில் அனிமேஷன் துறைக்கெனப் பணிக்குழு அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் மும்பையில் தேசியச் சிறப்பு மையம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் அது 2025 ஜூலையில் திறக்கப்பட்டது; முன்பு பிலிம்ஸ் டிவிஷன் இயங்கிய பெடர் சாலை வளாகத்திலேயே.