எண்ணுபவருக்குக் கிடைப்பது ஒரு சதவீதம்

1964 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் கசினோக்கள் பிளாக்ஜாக் ஆட்டத்தின் விதிகளைத் திடீரென்று இறுக்கின. ஜோடி ஏஸ் வந்தால் இரண்டு கையாகப் பிரித்து ஆட முடியாது. பந்தயத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் கையில் 11 இருக்க வேண்டும். வேறு எந்தத் தொகைக்கும் அனுமதி இல்லை. எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962இல் வெளியிட்ட ‘பீட் த டீலர்’ என்ற புத்தகம்தான் இத்தனைக்கும் காரணம். விழுந்த சீட்டுகளைக் கணக்கு வைத்துக்கொண்டால் கசினோவையே தோற்கடிக்கலாம் என்று எழுதிய தோர்ப், அதற்கு வழியும் காட்டியிருந்தார்.

சில வாரங்களிலேயே பழைய விதிகள் திரும்பி வந்தன. புதிய விதி பிடிக்காத ஆட்டக்காரர்கள் மேசைப் பக்கமே வரவில்லை. டிப்ஸ் வற்றிப்போன டீலர்கள் முணுமுணுத்தார்கள். போகப்போகக் கசினோக்களுக்கு இன்னொன்றும் புரிந்தது. புத்தகம் படித்தவர்களில் சீட்டைச் சரியாக எண்ணுபவர் ஒரு சிலர்தான். எண்ணத் தெரியும் என்று நம்பிக்கொண்டு பணத்தோடு வருபவர்களோ ஏராளம்.

அப்படியானால் எண்ணுவது பலிக்குமா, பலிக்காதா? கணக்குப்படி பலிக்கும், அதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. எவ்வளவு பலிக்கும், யாருக்குப் பலிக்கும் என்பதில்தான் விவகாரமே இருக்கிறது.

ஆட்டம் எளிது. 21க்கு மேல் போகாமல் டீலரைவிட அதிகத் தொகை வைத்திருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் 10. ஏஸுக்கு 1 அல்லது 11. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10ம் விழுந்தால் அதுதான் பிளாக்ஜாக். அதற்கு 2 டாலருக்கு 3 டாலர் கிடைக்கும். ஆடுபவர் தன் முறையில் இன்னொரு சீட்டு வாங்கலாம், போதும் என்று நிறுத்தலாம், இரட்டிப்பாக்கலாம், பிரிக்கலாம். டீலருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. 16 வரை இருந்தால் வாங்கியே ஆகவேண்டும், 17க்கு நிறுத்த வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் கசினோ லாபம் பார்ப்பது எப்படி? ஆடுபவர்தான் முதலில் சீட்டு வாங்க வேண்டும். அவர் 21ஐத் தாண்டிவிட்டால் பணம் போயிற்று. அதன்பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது.

நம்மூர் மங்காத்தாவில் உள்ளேயா வெளியேயா என்று காத்திருப்பதைத் தவிர ஆடுபவருக்கு வேலை இல்லை. பிளாக்ஜாக்கில் ஒவ்வொரு கைக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சரியான முடிவுகளை முதலில் முறையாகக் கணக்கிட்டவர்கள் அமெரிக்காவின் அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்த நான்கு பேர். மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்து அவர்கள் போட்ட அட்டவணை 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வந்தது. இன்று ‘அடிப்படை உத்தி’ என்று வழங்குவதற்கு மூலம் அதுதான். அதை அப்படியே பின்பற்றினால் கசினோவின் அனுகூலம் சுமார் அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். மனம் போனபடி ஆடுபவர் அதைப்போல் பல மடங்கு இழக்கிறார்.

அந்த அரை சதவீதத்தைத் தாண்டியவர் தோர்ப். எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் ஒவ்வொரு சீட்டாகக் கட்டிலிருந்து நீக்கிப் பார்த்து, மிச்சத்தில் ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று கணக்கிட்டார். ரூலெட் சக்கரத்துக்கு முந்தைய சுற்று தெரியாது. சீட்டுக்கட்டு அப்படியல்ல; விழுந்த சீட்டு மறுபடி கலைத்துப் போடும்வரை திரும்பி வராது. எதிராளி எதைக் கழித்தார் என்று கவனித்து ஆடும் ரம்மிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தோர்ப்பின் கணக்கில் வெளிவந்த வேடிக்கை, ஆடுபவருக்குப் பெரிய பகை 5 என்ற சீட்டு. ஒற்றைக் கட்டில் நான்கு 5ம் முன்பே விழுந்துவிட்டால், மீதிக் கட்டில் ஆடுபவருக்குச் சுமார் 3.3 சதவீத அனுகூலம். ஏன் 5? டீலர் கையில் 12 முதல் 16 வரை இருக்கும்போது அவர் வாங்கியே தீரவேண்டும். அங்கே சின்னச் சீட்டு வந்தால் பிழைத்துக்கொள்வார், 10 வந்தால் 21ஐத் தாண்டி உடைவார். 16இல் நிற்கும் டீலரை நேராக 21க்குத் தூக்கிவிடுவது 5. அதே 16 நம் கையில் இருந்தால் வாங்காமல் நிறுத்திக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. பெரிய சீட்டுகள் மிஞ்சியிருக்கும் கட்டில் டீலர் அடிக்கடி உடைவதற்கு இதுவே காரணம். பிளாக்ஜாக்கும் அப்போது அதிகம் விழும். டீலருக்கும் நமக்கும் சமமாகத்தான் விழும். ஆனால் நமக்கு விழுந்தால் ஒன்றரை மடங்கு, அவருக்கு விழுந்தால் நாம் வைத்த பந்தயம் மட்டுமே போகும்.

எண்ணுவது என்றதும் ஆறு கட்டின் 312 சீட்டுகளையும் மனப்பாடம் செய்யும் மேதாவியைத்தான் சினிமா காட்டும். உண்மையில் மனத்தில் இருப்பது ஒரே ஒரு எண். 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்று கூட்டு. 10, ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. 7, 8, 9 வந்தால் விட்டுவிடு. ‘ஹை-லோ’ என்ற இந்த முறையை 1963இல் முன்வைத்தவர் ஹார்வி டப்னர். தோர்ப் புத்தகத்தின் 1966 பதிப்பு இதைப் பரப்பியது. வரும் எண்ணை, மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை 8, நான்கு கட்டு பாக்கி என்றால் உண்மை மதிப்பு 2தான். ஒரு கட்டுதான் பாக்கி என்றால் அதே 8 பெரிய வாய்ப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குதான் இது. சத்தத்துக்கு நடுவே, உதடு அசையாமல், பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே மணிக்கணக்கில் பிழையின்றிப் போடுவதுதான் கஷ்டம்.

இனி விஷயத்தின் முள்ளுக்கு வருவோம். உண்மை மதிப்பு ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் ஆடுபவர் பக்கம் சுமார் அரை சதவீதம் கூடுகிறது. +1இல் இருவரும் சமம். +3இல் நமக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். பெரும்பாலான நேரம் எண் பூஜ்யத்தை ஒட்டியே சுற்றும், அதாவது கசினோ பக்கமே சாய்ந்திருக்கும். ஆகவே எண்ணினால் மட்டும் பைசா வராது. எண் தாழ்ந்திருக்கும்போது குறைவாகவும், ஏறும்போது பத்து மடங்கு போலவும் பந்தயம் வைக்க வேண்டும். எண்ணுபவரைக் காட்டிக்கொடுப்பதும் இந்த ஏற்ற இறக்கமே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கை, சராசரிப் பந்தயம் 30 டாலர், மொத்தத்தில் ஒரு சதவீத அனுகூலம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கக்கூடிய வருமானம் மணிக்கு 24 டாலர். ஆனால் சிறிதும் பெரிதுமாகப் பந்தயம் வைப்பவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் 500 டாலர் மேலே போவதோ கீழே போவதோ சாதாரணம். 100 மணி நேரம் ஆடியபின் எதிர்பார்ப்பு 2,400 டாலர். ஏற்ற இறக்கம் 5,000 டாலர் அளவில் இருக்கும். ஒரு தவறும் செய்யாதவர்களில்கூட ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்போது நஷ்டத்தில் இருப்பார். 1,000 மணி நேரம் ஆடினாலும் நூற்றில் ஆறேழு பேர் கையைச் சுட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். கடன் வாங்கியோ வீட்டுச் செலவுப் பணத்திலோ ஆடுபவர் இந்த நீண்ட காலத்தைத் தாக்குப்பிடிக்க மாட்டார். அனுகூலம் அவருக்கும் இருந்தது, முதல் இல்லை.

தோர்ப்கூடத் தன் பணத்தில் போகவில்லை. 1961 ஜனவரியில் வாஷிங்டனில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் பேசியது செய்தியானதும் பணக்காரர்கள் தேடி வந்தார்கள். 10,000 டாலர் முதலுடன் நெவாடாவுக்குப் போய் 11,000 டாலர் ஜெயித்துத் திரும்பினார். பின்னாளில் எம்.ஐ.டி. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் நடத்திய அணிகள் இதை நிறுவனமாகவே ஆக்கின. முதலீட்டாளர் பணம், புது ஆளுக்குத் தேர்வு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கணக்கேடு என்று நடந்தன. சிலர் வெவ்வேறு மேசைகளில் சிறு பந்தயத்துடன் உட்கார்ந்து எண்ணுவார்கள். எண் ஏறியதும் சைகை போகும். பணக்காரர் வேடத்தில் ஒருவர் வந்து பெரிய தொகையை வைப்பார். இந்த உத்தி 1970களிலேயே அல் பிரான்செஸ்கோவின் அணியில் உருவானது. ‘21’ என்ற 2008ஆம் ஆண்டுப் படத்தில் இந்தப் பளபளப்பெல்லாம் உண்டு, கணக்கேட்டைத்தான் காணோம்.

எண்ணுவது குற்றமா என்று பலர் கேட்பதுண்டு. இல்லை. மூளையை மட்டும் பயன்படுத்தினால் அமெரிக்காவில் அது குற்றமல்ல. கருவி வைத்துக்கொண்டால் நெவாடாவில் குற்றம். ஆனால் நெவாடா கசினோ யாரையும் வெளியே போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு, எண்ணுபவர்களைக் கசினோ தன்னிச்சையாகத் தடுக்க முடியாது என்று 1982இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். அதனால் அட்லாண்டிக் சிட்டி கசினோக்கள் ஒன்றும் அழிந்துவிடவில்லை. கட்டுகளைக் கூட்டின, சீக்கிரமே கலைத்துப் போட்டன. இன்று பல இடங்களில், விழுந்த சீட்டை உடனுக்குடன் உள்ளே இழுத்துக் கலைக்கும் இயந்திரம் இருக்கிறது. அதன் முன்னால் எண்ணுவதும் ஒன்று, எண்ணாமல் இருப்பதும் ஒன்று.

இன்னும் சத்தமில்லாத ஆயுதம் ஒன்று உண்டு. பிளாக்ஜாக்குக்கு 2 டாலருக்கு 3 என்பதை மாற்றி, 5 டாலருக்கு 6 என்று மேசையில் அச்சிட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு 5க்கு 6 ஏதோ தாராளம் போலத் தெரியும். அந்த ஒரு மாற்றமே கசினோ பக்கம் சுமார் 1.4 சதவீதத்தைக் கூட்டுகிறது. எண்ணுபவர் பாடுபட்டுச் சேர்த்தது அத்தனையும் அதிலேயே போய்விடும்.

2011இல் டான் ஜான்சன் என்பவர் அட்லாண்டிக் சிட்டியின் மூன்று கசினோக்களில் சில மாதங்களுக்குள் சுமார் 1.5 கோடி டாலர் ஜெயித்தார். சீட்டை எண்ணி அல்ல. தோற்றால் தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும், விதிகளும் இப்படி இப்படி இருக்க வேண்டும் என்று ஆட உட்காருமுன்பே பேரம் பேசி முடித்திருந்தார். தொழில் மந்தத்தில் பெரிய வாடிக்கையாளரைப் பிடிக்கத் துடித்த கசினோக்கள் ஒப்புக்கொண்டன. எண்ணுவதில் தேர்ந்தவர்களில் இருவர் பின்னால் எங்கே போனார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. தோர்ப் பங்குச்சந்தைக்குப் போய் முதலீட்டு நிதியம் நடத்தினார். லாஸ் வேகாஸில் தடுக்கப்பட்ட பில் பென்டர் ஹாங்காங் குதிரைப் பந்தயத்துக்குப் போய்ப் பெரும் செல்வம் சேர்த்தார்.

சீட்டை எண்ணக் கற்றுத் தருகிறோம் என்று பணம் கேட்கும் பயிற்சி விளம்பரங்கள் கைபேசியில் வந்தபடி இருக்கின்றன. சேருமுன் ஆடப்போகும் இடத்தைப் பற்றி மூன்று கேள்வி கேளுங்கள்: பிளாக்ஜாக்குக்கு என்ன விகிதம், எத்தனை கட்டு, எப்போது கலைக்கிறார்கள்? கணினி சீட்டுப் போடும் இணைய ஆட்டம் என்றால் முதல் இரண்டு கேள்வியும் வேண்டாம். பெரும்பாலும் அங்கே ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைத்துவிடுகிறார்கள். எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது.