அகரவரிசையில் பிறந்த ஊர்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரிலிருந்து மேற்கே போட்ட ரயில் பாதையின் ஊர்களைப் படித்துப் பாருங்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸிடர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லாண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவெல். நடுவே ஒன்றிரண்டு ஊர்கள் குறுக்கிட்டாலும், சி தொடங்கி எல் வரை ஆங்கில அகரவரிசை அப்படியே நிற்கிறது.

பர்லிங்டன் - மிசௌரி ரிவர் ரயில் கம்பெனி 1871, 72இல் இங்கே தண்டவாளம் போட்டது. அதுவரை பானி பழங்குடியினர் காட்டெருமை வேட்டையாடிய புல்வெளி அது. ஊருக்கு ரயில் வரும் என்பதுதான் நாம் அறிந்த முறை. அங்கே முதலில் ரயில் வந்தது, பிறகுதான் ஊர். ஒற்றைத் தடத்தில் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட ஆங்காங்கே நிலையம் வேண்டும். நீராவி எஞ்சினுக்கு வழியில் தண்ணீர் வேண்டும். குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிவரும் விவசாயி அதை விற்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் சில மைல்களுக்கு ஒரு நிலையம் என்று முளைத்தது.

கம்பெனிக்கு அவசரமும் இருந்தது. பாதை போடுவதற்கு ஈடாக நெப்ராஸ்காவில் மட்டும் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தை அரசு கொடுத்திருந்தது. நிலம் விற்றால்தான் பணம். வாங்கியவர் குடியேறிப் பயிர் செய்தால்தான் ரயிலுக்குச் சரக்கு. ஆளே இல்லாத இடத்துக்குப் பெயர் தேட அகரவரிசை கைகொடுத்தது. ஹார்வர்ட், புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயர். ஜூனியாட்டா, தொலைவில் பென்சில்வேனியாவில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர்.

ஐ எழுத்து இன்லாண்டுக்கும் ஜே எழுத்து ஜூனியாட்டாவுக்கும் நடுவே, வரிசைக்குப் பொருந்தாமல் மறுபடி எச் எழுத்தில் ஓர் ஊர் நிற்கிறது: ஹேஸ்டிங்ஸ். இது பர்லிங்டன் கம்பெனி திட்டமிட்ட ஊர் அன்று. 1872இல், செயின்ட் ஜோசப் நகரிலிருந்து தென்கிழக்கு வழியாக வந்த வேறொரு கம்பெனியின் தடம் பர்லிங்டன் பாதையை இங்கே சந்தித்தது. அந்தத் தடம் போடும் பணியில் இருந்த கர்னல் ஹேஸ்டிங்ஸின் பெயரே ஊருக்கு நிலைத்தது.

சந்திப்பு என்றால் ஊருக்கு யோகம். ஒரு தடத்துச் சரக்கு இறங்கி மறு தடத்தில் ஏறும். கிடங்கு வரும், மொத்த வியாபாரி வருவார், விடுதி வரும். இரண்டு கம்பெனிகள் போட்டியிடும் இடத்தில் சரக்குக் கட்டணத்துக்கும் கடிவாளம் விழும். சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே இருந்த ஜூனியாட்டாதான் முதலில் ஆடம்ஸ் கவுன்டி எனும் மாவட்டத்தின் தலைமையிடம். கடும் போட்டிக்குப் பின் 1878இல் அந்தப் பதவி ஹேஸ்டிங்ஸுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை, கடலே இல்லாத இந்த ஊருக்கு அருகே பெரிய வெடிமருந்துக் கிடங்கைக் கட்டியது. இரு கடற்கரைகளுக்கும் எட்டாத தொலைவு பாதுகாப்பு தந்தது. பல ரயில் பாதைகள் கூடியது போக்குவரத்துக்கு வசதியானது.

இன்று ஹேஸ்டிங்ஸில் சுமார் 25,000 பேர் வாழ்கிறார்கள். ஜூனியாட்டாவில் ஆயிரம் பேர்கூட இல்லை. சிகாகோவிலிருந்து வரும் கலிஃபோர்னியா செஃபிர் ரயில் லிங்கனை விட்டால் அடுத்து நிற்பது ஹேஸ்டிங்ஸில்தான். ஊருக்குப் பெயர் வைப்பது கம்பெனியால் முடிந்தது. அதை வளர்த்தது இரண்டு தடங்கள் சந்தித்த இடம்.