குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர்

ஆண்டு மலரில் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிய கட்டுரையா என்று அன்பர்கள் வியக்கக்கூடும். காரணம் உண்டு. நம் மடைப்பள்ளியில் அபிஷேகப் பாலும் தயிரும் வைக்கும் பெட்டி, உபயக்காரர் ஒருவர் மனமுவந்து அளித்தது. சென்ற ஆண்டு திருவிழாவுக்கு முதல்நாள் அதில் வைத்த பால் மறுநாள் காலையில் திரிந்து போயிற்று. கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று சமையலுக்கு உதவும் இளைஞரைக் கடிந்துகொண்டேன். பழுது பார்க்க வந்தவரோ, கம்ப்ரஸர் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார். இருவர் சொன்னதும் தவறு. கீல் பக்கத்துக் கீழ்மூலையில் கதவு ரப்பர் இறுகிச் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. அந்த இளைஞரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ரப்பர் என்கிறோமே தவிர, அது பெரும்பாலும் பி.வி.சி. என்னும் மென்மையான பிளாஸ்டிக்தான். அதற்குள் காந்தத் தூள் கலந்த நெகிழும் பட்டை ஓடுகிறது. அது பெட்டியின் இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொள்வதால் கதவு மூடி நிற்கிறது. முற்காலத்துப் பெட்டிகளில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய தாழ்ப்பாள் இருந்தது. விளையாட்டாக உள்ளே புகுந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தனர். அதனால் 1956ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றினார்கள். 1958 அக்டோபர் இறுதி முதல் செய்யப்படும் வீட்டுப் பெட்டிகளை உள்ளிருந்தும் திறக்க முடியவேண்டும் என்றது அச்சட்டம். காந்தப் பட்டை பரவலாக வந்தது அதையொட்டித்தான்.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். ரப்பர் விலகிய இடத்தில் வெப்பத்தோடு ஈரமும் நுழைந்து, உள்ளே உறைபனியாகப் படிகிறது. கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும். ஆயினும் பாலுக்கு வேண்டிய 4 டிகிரி கிடைக்காது.

சோதிப்பது எளிது. பத்து வெள்ளி நோட்டு ஒன்றைக் கதவிடுக்கில் பாதி வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிப்பு தெரிந்தால் நல்லது; தானாக நழுவினால் அந்த இடம் கெட்டது. (ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகள் பிளாஸ்டிக் ஆதலால் வழுக்கும்.) ஓரிடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாமல், நான்கு பக்கமும், குறிப்பாக மூலைகளிலும் பாருங்கள். இரவில் டார்ச் விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து, அறை விளக்கை அணைத்தால், ஒளி கசியும் இடமும் தெரிந்துவிடும்.

உடனே புது ரப்பர் வாங்க ஓடவேண்டாம். பல வேளைகளில் மடிப்புகளில் சேர்ந்த பிசுக்கும் கரும்பூஞ்சையுமே குற்றவாளி. வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரம் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடையுங்கள். வளைந்து போன பகுதியை, தலைமுடி உலர்த்தும் கருவியின் மிதமான சூட்டில் இளக்கி, விரலால் வெளியே இழுத்துவிட்டு, கதவை மூடி ஆறவிடுங்கள். கீல் பக்கம் இலேசாக வாஸ்லின் தடவினால் சுருண்டுகொள்ளாது. பெட்டியின் முன்கால்களைச் சற்றே உயர்த்தி வைத்தால் கதவு தானே வந்து மூடும்.

கிழிந்துவிட்டாலோ காந்தம் பிடிக்காவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும். பெட்டியினுள் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்; கண்ணளவில் வாங்கியது பொருந்தாது. மடித்து வரும் புது ரப்பரைச் சுடுநீரில் சிறிது நேரம் போட்டால் சுருக்கம் நீங்கும். சில பெட்டிகளில் அது பள்ளத்தில் அழுத்தினாலே பொருந்தும். பழைய மாடல்களில் ரப்பரின் உதட்டுக்கடியில் திருகாணிகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் கதவே முறுக்கிக்கொள்ளும். பிறகு எந்த ரப்பராலும் பயனில்லை.

நம் பெட்டிக்குப் புது ரப்பர்தான் போட்டோம். மறுநாள் காலையில் உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டியது. உபயக்காரருக்கும் செய்தி சொன்னேன்.

இன்னொன்று. பெட்டி உண்மையிலேயே முடிந்துபோய் வெளியே போடுவதானால், காந்தக் கதவுதானே என்று விடாமல், கதவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.