படிச்சுட்டுச் சொல்லுங்க சார்!

1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். 'சுதந்திர தாகம்' நாவலையும் சொந்தமாகவே வெளியிட்டார். மறைந்தது 1998-ல், சாகித்ய அகாதமி பரிசு வந்தது 2001-ல்!

நம்ம காத்திவாக்கம் கதைக்கு வருவோம். பத்து சிறுகதைகளை ஜெராக்ஸ் போட்டு, கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஐம்பது பேருக்கு நீட்டினேன். நாற்பது பேர் 'சூப்பர் சார்!' (பிரித்தே பார்க்கவில்லை என்பது அந்த ஸ்பீடிலேயே தெரிந்தது.) எண்ணூர் கம்பெனி ஃபிட்டர் ஒருத்தர் மட்டும், "மூணாவது கதையில ஹீரோ செத்துட்டான், சரி. பி.எஃப். பணம் யாருக்கு சார் போச்சு?" என்றார்.

பி.காம். படித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதானே! அவன் பொண்டாட்டி அந்தப் பணத்துக்கு அலைவதுதான் புதுக் கதை. அடுத்த கட்டு ரெடி. ஜன்னலோர சார், தூங்குற மாதிரி நடிக்காதீங்க!