மின்னொலியும் இளைய கலைஞரும்

மாசி மகத்தையொட்டி ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது எங்கள் வட்டாரத்தில் பேர்போன விழா. அங்கே இசுலாமியப் பெருமக்கள் பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்வதும் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் புறப்பாட்டைக் காணச் சென்றிருந்தேன். நாதசுரமும் தவிலும் முன்னே செல்ல, ஊர்வலம் எங்களைக் கடந்து போயிற்று. அஃது ஓய்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் கடைத்தெருவின் கோடியில் இளைஞர் சிலர், ஒரு சரக்கு வண்டியில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, நெஞ்சுக்கூடு அதிரும்படியாக ஒரு தாளத்தை முழக்கத் தொடங்கினர். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "வாத்தியாரய்யா, இதுவும் சங்கீதந்தானா?" என்று கேட்டார். அன்று நான் ஏதோ மழுப்பி விட்டேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதற்குரிய விடையை மாணவர்களாகிய உங்களிடமாவது ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். ஒரு கட்டைச் சுருதி என்று நாம் சொல்வது நொடிக்கு ஏறத்தாழ 261 அதிர்வு. மேல் ஸ்தாயி சட்ஜம் அதன் இருமடங்கு. ஒரே சுருதியில் நாதசுரம் ஒலித்தாலும் வயலின் ஒலித்தாலும் அதிர்வு எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இரண்டையும் பிரித்தறிந்து விடுகிறோமல்லவா? அடிப்படைச் சுரத்தோடு கூடவே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என மேற்சுரங்கள் பல மெல்லியவாய் ஒலிக்கின்றன. அவற்றின் அளவு கருவிக்குக் கருவி வேறுபடுவதே இதற்குப் பெருங்காரணம். சின்தசைசர் என்னும் ஒலியாக்கி இந்த உண்மையைத்தான் பயன்படுத்திக் கொள்கிறது. மின்சுற்று ஒன்றில் மேற்சுரங்கள் நிறைந்த கரடுமுரடான ஓர் அலையைப் பிறப்பித்து, வடிகட்டியால் வேண்டாதவற்றை நீக்கி, எஞ்சியதை இசையாக்குகிறது. அமெரிக்கரான இராபர்ட் மூக் இதனைக் கையாளத்தக்க கருவியாக 1964-இல் வடித்துக் காட்டினார். ஐந்தே ஆண்டுகளில், 1969-இல், அக்கருவி நம் நாட்டு அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, நம்மவர் சிலர் அதில் இசையாக்கினர் என்பது பலரும் அறியாத செய்தி. அந்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் தேடுவாரற்றுக் கிடந்து, 2023-இல்தான் வெளியுலகுக்கு வந்தன.

மின்னணு இசைக்கும் வானொலிக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லியாக வேண்டும். இவ்விசையின் தொட்டில்களுள் முதன்மையானவை வானொலி நிலையங்களே. 1948-இல் பாரிஸ் வானொலியில் பணிபுரிந்த பியேர் ஷேஃபர், இரயில் வண்டிகளின் ஓசையைப் பதிவு செய்து, வெட்டியும் ஒட்டியும் திருப்பியும் ஓர் இசைப்படைப்பாக ஆக்கி ஒலிபரப்பினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் வானொலியிலும், 1958-இல் பி.பி.சி.யிலும் இதற்கெனத் தனிக்கூடங்கள் அமைந்தன. நம் அகில இந்திய வானொலியோ அந்நாளில் வேறு கவலையில் இருந்தது. ஆர்மோனியத்தின் கட்டைகள் சுரங்களை நிலையாக நிறுத்திவிடுகின்றன, கமகத்துக்கு அங்கே இடமில்லை என்று கூறி, 1940-இல் அக்கருவியையே ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்தது. தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தத் தடையைக் கண்டு இன்று நகைப்பவர் உண்டு. நான் நகையேன். அவர்கள் எழுப்பிய ஐயம் செம்மையானது. செய்த தீர்ப்புத்தான் கடுமையானது. கட்டைகளே இல்லாமல், விரலை வழுக்கிச் சுரத்தை வளைக்கத்தக்க மின்னணுப் பலகைகள் இப்பொழுது வந்துவிட்டன. கான்டினுவம் என்னும் அத்தகைய கருவியை ஏ. ஆர். ரகுமான் மேடையிலேயே வாசித்துக் காட்டியிருக்கிறார். ஐயம் எழுப்பினாரன்றோ கருவி செய்வோரைத் திருத்தினார்!

இனித் தாளத்துக்கு வருவோம். 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர். 808 என்னும் தாள இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முகப்பில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். எந்தெந்தப் பொத்தானை அழுத்தி வைக்கிறோமோ அந்தந்த இடத்தில் அடி விழும்; வரிசை முடிந்ததும் மறுபடி தொடங்கும். இதனைக் கேட்டவுடன் உங்களுக்கு ஆதிதாளம் நினைவுக்கு வரவேண்டும். எட்டு எண்ணிக்கையை இரண்டிரண்டாகப் பகுத்தால் பதினாறு. ஆகவே ஆதிதாளம் அந்த வரிசையில் இயல்பாகப் பொருந்தி அமர்ந்து விடுகிறது. மிசிரசாப்பு வேண்டுமென்றால் வரிசையைப் பதினான்கோடு நிறுத்திக் கொள்ளலாம். இடர் எங்கே வருகிறதென்றால், நம் தெருக்களில் பறையிலும் உருமியிலும் எழும் குத்தாட்ட அடியில்தான். அது பெரும்பாலும் மும்மூன்றாக நடை போடுவது. நான்கு நான்காகக் கட்டம் போட்ட இயந்திரத்தில் அதனை அப்படியே திணித்தால் கால் எழும், துள்ளல் எழாது. கட்டத்தின் பகுப்பையே மாற்றத் தெரிந்தவனுக்குத்தான் அந்த நடை வசப்படும். இயந்திரம் தரும் கட்டத்தையே தாளம் என்று எண்ணி அமைந்துவிடும் இளைஞர்கள் இன்று மிகுதி. அவர்களைப் பற்றி எனக்குள்ள குறை இது ஒன்றுதான். உரத்த ஓசை அன்று.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கு நான் மாணவர்களை அழைத்துச் செல்வதுண்டு. அங்கே பொம்மைகளை அச்சில் வார்க்கிறார்கள். ஒரே அச்சிலிருந்து நூறு பொம்மைகள், ஒன்றுபோல் மற்றொன்று. பின்பு ஒருவர் தூரிகை எடுத்துக் கண்ணெழுதுகிறார். அந்தக் கண்கள் நூற்றில் இரண்டுகூட ஒத்திருப்பதில்லை. தாள இயந்திரத்தின் அடியும் அச்சு வார்ப்பே. எந்த அடியைச் சற்றே பிந்த வைப்பது, எதனை மெலிய வைப்பது என்று தீர்மானிக்கிற செவியே அதற்குக் கண்ணெழுதுகிறது.

இந்தத் தாள இயந்திரத்தைக் கொண்டு, பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர் 1982-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பத்து இந்துஸ்தானி இராகங்களை நடனத் தாளத்தில் அமைத்தது அது. அதில் அவர் கையாண்ட டி.பி. 303 என்னும் மற்றொரு சிறு இயந்திரத்தின் நெளிந்து வளையும் ஓசையைத்தான், ஐந்தாண்டு கழித்துச் சிகாகோ நகரத்து இளைஞர்கள் 1987-இல் ஒரு புதிய நடன இசைக்கே அடையாளமாக்கினர். இருவர்க்கும் ஒருவரையொருவர் தெரியாது. சரண்ஜித் சிங்கின் தட்டு அந்நாளில் விற்பனையாகவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபின் வெளிநாட்டு மேடைகள் அவரை அழைத்தன. முதியவராக அம்மேடைகளில் வாசித்துவிட்டு, 2015-இல் அவர் மறைந்தார். காலத்துக்கு முந்திப் பிறந்த படைப்பு கேட்பாரின்றிக் கிடப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழர் கதைக்கு வருகிறேன். நெடுங்காலமாக நம்மிடையே புதிய இசையமைப்பாளர் ஒருவர்க்கு இருந்த பெருவாயில் திரைப்படம் ஒன்றே. 1992-இல் 'ரோஜா' வாயிலாக மின்னணுக் கருவிகளின் முழு வீச்சையும் தமிழ்மக்கள் கேட்டனர், அதுவும் திரைப்படமே. திரைக்கு வெளியே கதவு திறந்தவர்களுள் கடல் கடந்த தமிழர் முன்னின்றனர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோர்க்கு இலண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில், கையடக்கமான ஒற்றைத் தாள இயந்திரத்தை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கி, 2005-இலும் 2007-இலும் வெளியிட்ட தொகுப்புகளால் உலகப் புகழ் பெற்றார். இரண்டாம் தொகுப்பில் நம் உருமி மேளம் முழங்குகிறது. மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-இல் 'வல்லவன்' என்ற தொகுப்பால் தமிழ்ச் சொல்லிசைக்கு வழிகாட்டினர். அதன் பின்னரே இங்கு ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் 2012-இல் தங்கள் தொகுப்பைக் கொண்டுவந்தனர். 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவோ, கானாவையும் பறையையும் மின்கிதாரோடும் சொல்லிசையோடும் இணைத்துச் சாதிக் கொடுமையை மேடையிலேயே பாடிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் அமைத்த அக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியில்லாத் தமிழர்' என்னும் தொடரிலிருந்து பிறந்தது.

அக்குழுவில் பாடிய அரக்கோணத்து இளைஞரான அறிவு, பாடகி தீயுடன் சேர்ந்து, சந்தோஷ் நாராயணன் இசை ஆக்கத்தில் 2021 மார்ச்சில் வெளியிட்டதே 'என்ஜாய் எஞ்சாமி'. அதன் பின்னணியில் நீங்கள் படிக்கும் வரலாற்றுப் பாடமே இருக்கிறது. நிலமற்ற தமிழ் உழைப்பாளிகள் இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் போய்த் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 1964-இல் சாஸ்திரி – சிறிமாவோ உடன்படிக்கை, அவர்களுள் 5,25,000 பேர் இந்தியா செல்வதென எழுதிற்று. காடு வெட்டித் தோட்டமாக்கியவர்கள் காணி நிலமின்றித் திரும்பினர். அறிவின் பாட்டியாரும் அத்தகைய தோட்டத்தில் உழைத்தவரே. அப்பாட்டில் ஒப்பாரியின் ஓலமும் நடனத் தாளமும் ஒன்றையொன்று தழுவி வருகின்றன. யூடியூபில் மட்டும் அது 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. இழவு வீட்டுப் பாட்டுக்கு ஆடலாமோ என்று கேட்பவர், நம் சிற்றூர்களில் இறுதி ஊர்வலத்தின் முன்னே பறை முழக்கி ஆடுவதைக் காணாதவராகத்தான் இருக்க வேண்டும்.

இத்தகைய பாட்டைப் பற்றியும் வழக்கு எழுந்தது. யார் எதை ஆக்கினர் என்னும் கருத்துவேறுபாடு 2022-இல் பொதுவெளிக்கு வந்தது. 2024-இல், பாட்டு வெளிவந்து மூன்றாண்டு ஆகியும் தங்கள் மூவர்க்கும் அதனால் வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். அதன் நியாய அநியாயத்தைத் தீர்க்க நான் நீதிபதியல்லேன். ஆயினும் கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்நிலையென்றால், முதற்பாட்டை வெளியிடும் கல்லூரி மாணவன் எம்மாத்திரம்? ஆகவே சட்டத்தை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவான அப்பொழுதே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் அது நிலைக்கும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு காப்பைத் தந்தது. ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டுக்கும் இசைக்கும் உரிய ஆக்கியோர் தமக்குச் சேரும் உரிமைத்தொகைப் பங்கை, வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறர்க்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஒப்பந்தத் தாளில் கையொப்பமிடுமுன் இதனை நினைவிற் கொள்ளுக.

சட்டத்தைப் பற்றி நான் படிக்க நேர்ந்ததே ஒரு மாணவனால்தான். பத்தாம் வகுப்பில் ஒலியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவன் மேசையில் விரலால் தாளமிட்டான் என்று நான் அவனை வெளியே நிறுத்தினேன். ஒலியைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டே ஒலியெழுப்பினவனைத் தண்டித்த அறிவீனம் பின்னாளில்தான் எனக்கு உறைத்தது. சென்ற ஆண்டு அவன் என் வீடு தேடி வந்தான். முந்திரிக்கொட்டை உடைக்கும் கட்டையின் ஓசையைக் கைப்பேசியில் பதிந்து, நொடிக்கு 44,100 துணுக்காக எண்ணாக்கி, வெட்டியும் அடுக்கியும் ஒரு நடன இசை கட்டியிருந்தான். ஷேஃபர் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. "ஐயா, கொட்டை உடைத்தவர்கள் பெயரையும் போட வேண்டுமா?" என்பது அவன் கேள்வி.

வேலையில் எழும் ஓசைக்குச் சட்டம் ஆசிரியரைக் காண்பதில்லை என்றேன். பிறகு, நீயே போய் அவர்களைக் கேள் என்றும் சொன்னேன். முந்திரிக் கொட்டகையில் இருந்த பெண்கள், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பாட்டைப் போடு தம்பி என்றார்களாம். போட்டான். கேட்டு முடித்ததும் அவர்களுள் மூத்தவர், "மூணாவது அடி பிந்துதுப்பா, நாங்க அப்படியா தட்டுறோம்?" என்று கையிலிருந்த கட்டையால் தட்டிக் காட்டினாராம். அந்த அடியைத் திருத்திக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.