கொழுப்பை எரிக்குமா இந்த மாத்திரை?

வலங்கைமான் பக்கம் உள்ளவர்களுக்கு நெல் காயவைப்பது புதிதல்ல. அறுவடை முடிந்ததும் களத்திலும் சாலையோரத்திலும் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே கிளறியும் இருப்பீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக நெல்லை எடுத்துக்கொள்வதில்லை. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதம் வரை காயவைத்தால் அதன் எடை ஏறக்குறைய 96.4 கிலோவாகிறது. மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு மணி அரிசிகூடப் போகவில்லை. போனதெல்லாம் தண்ணீர்தான்.

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சில நாட்களுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். 'கொழுப்பை எரிக்கும் மாத்திரை; முற்றிலும் இயற்கையானது' என்று அதில் எழுதியிருந்தது. "சார், இது வேலை செய்யுமா?" என்று கேட்டார். வகுப்பில் பிறர் செய்யும் கேலி தாங்காமல் காலைச் சாப்பாட்டையும் அவர் நிறுத்தியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாத்திரை வாங்கப் பணமும் சேர்த்து வைத்திருக்கிறார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

புட்டியின் மேலிருந்த சீட்டில் முதலில் இருந்த பெயர் கார்சினியா கம்போஜியா. பெயரைக் கண்டு மலைக்கவேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் குடம்புளிதான் அது. கேரளத்தில் மீன் குழம்புக்கும், இலங்கையில் 'கொறக்கா' என்ற பெயரில் சமையலுக்கும் பயன்படுவது. நம் வீட்டுப் புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருவது. குடம்புளியிலும் டார்டாரிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும்தான் இருப்பதாக ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1965-இல் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவரும் அந்த எண்ணத்தைத் திருத்தினார்கள். அதிலுள்ள முக்கிய அமிலம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று அவர்கள் கண்டறிந்தனர். ஆக, இன்று உலகெங்கும் விற்கும் ஒரு சரக்கின் வேதியியல் நம் நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பியது.

இந்த அமிலத்துக்கும் கொழுப்புக்கும் என்ன உறவு? நாம் உண்ணும் மாவுச்சத்து தேவைக்கு மிஞ்சும்போது, அதில் ஒரு பகுதியை உடல் கொழுப்பாக மாற்ற முடியும். அந்த வழியில் சிட்ரேட் என்னும் பொருளை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் பார்வைக்குச் சிட்ரேட்டின் தம்பி போன்றது. பூட்டில் நுழைந்து திரும்ப மறுக்கும் சாவியைப் போல அந்த நொதியில் போய் உட்கார்ந்து கொள்கிறது. கொழுப்பு தயாராவது தடைபடுகிறது. அமெரிக்காவில் லோவன்ஸ்டைன் குழுவினர் 1969-இல் இதைக் காட்டினர். அடுத்த சில ஆண்டுகளில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் கொழுப்பு உற்பத்தி குறைந்தது.

இதுவரை எல்லாம் உண்மை. விளம்பரக்காரர்கள் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, இந்த அமிலம் தடுப்பது புதுக் கொழுப்பு உண்டாவதை. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கொழுப்பை 'எரிப்பது' வேறு வேலை. உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசு கரைய ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி செலவாக வேண்டும். எரிந்த கொழுப்பு பெரும்பாலும் கரியமில வாயுவாக நம் மூச்சில் வெளியேறுகிறது. அந்தச் செலவை எந்த அமிலமும் நமக்காகச் செய்வதில்லை. இரண்டாவது, அந்த எலிகளுக்குக் கொடுத்த உணவில் சர்க்கரை மிகுதி, கொழுப்பு அரிது. அவற்றின் உடல் சர்க்கரையிலிருந்தே கொழுப்பைச் செய்யவேண்டியிருந்தது. மனிதர்களின் கதை அப்படியல்ல. 'நாங்கள் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர்களாயிற்றே!' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். சோற்றின் மாவுச்சத்து முதலில் சக்தியாகச் செலவாகிறது. மீந்தது கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. சோறு எரியும் நேரத்தில், குழம்பிலும் பொரியலிலும் வந்த எண்ணெய் எரியாமல் சேமிப்புக்குப் போய்விடுகிறது. சாதாரணமாக நம் உடல் கொழுப்பில் பெரும்பங்கு இப்படிச் சேர்வதே. சோற்றிலிருந்து புதிதாகத் தயாராவது சிறு பங்குதான். நுழைவாயில் வேறெங்கோ இருக்க, கொல்லைக் கதவைப் பூட்டுவது போன்றது இந்த மாத்திரை.

வாதம் கிடக்கட்டும், சோதனை என்ன சொல்கிறது? 1998-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. நியூயார்க்கில் பருமனான 135 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம். மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரியான, கலோரி குறைந்த உணவு. 12 வாரம் கழித்து, மாத்திரை உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். ஆகா, வெற்றி என்கிறீர்களா? வெற்று மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோ குறைந்திருந்தார்கள்! இந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதே என்று புள்ளியியல் காட்டியது. இரு பிரிவினரையும் இளைக்க வைத்தது உணவு மாற்றம். இரண்டாம் பிரிவே இல்லாதிருந்தால், அந்த 3.2 கிலோவை மாத்திரையின் சாதனை என்று புட்டியில் அச்சடித்திருப்பார்கள். பின்னர் பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு கிலோவுக்கும் குறைவான வேறுபாடு தென்பட்டது. செம்மையாக நடத்தப்பட்ட சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அதுவும் நிற்கவில்லை.

சீட்டில் அடுத்தது காபீன். அது உடலின் சக்திச் செலவைச் சிறிது நேரம், சிறிதளவு கூட்டும் என்பது மெய். கும்பகோணம் டிகிரி காப்பியும் அதையே செய்யும். குடிப்பவர்கள் எல்லாம் ஒல்லியாக இருக்கிறார்களா என்று பாருங்கள். சில 'மெலியும் தேநீர்'ப் பொட்டலங்களில் நிலாவாரை இருக்கும். அது பேதி மருந்து. குடித்த மறுநாள் ஒரு கிலோ குறையலாம். நெல் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? தண்ணீர் குடித்ததும் அந்தக் கிலோ திரும்பிவிடும்.

பலனில்லை, போகட்டும் என்று விடவும் முடியாது. குடம்புளிச் சத்தையும் சேர்த்து விற்கப்பட்ட 'ஹைட்ராக்சிகட்' வகைகளை நிறுத்தும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் மக்களை எச்சரித்தது. மஞ்சள் காமாலை முதலிய கல்லீரல் கேடுகள் பற்றி 23 புகார்கள் வந்திருந்தன; ஒருவர் இறந்தும் போயிருந்தார். அந்தக் கலவையில் பல பொருள்கள் இருந்ததால் குற்றவாளி எதுவென்று அப்போது பிரித்துச் சொல்ல இயலவில்லை. ஆனால் குடம்புளிச் சத்து கலந்தவற்றால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. சிலர் குடம்புளிச் சத்தை மட்டுமே உண்டவர்கள். பச்சைத் தேயிலைச் சாறும் மிகையானால் கல்லீரலுக்கு ஆகாது. குழம்பில் போடும் இரண்டு சுளையைக் கண்டு அஞ்சவேண்டாம். சத்தை மட்டும் பிரித்துச் செறிவாக்கி நாள்தோறும் விழுங்குவது வேறு.

'அரசாங்க உரிமம் எண் போட்டிருக்கிறதே, சார்?' என்றார் மாணவர். நம் நாட்டில் இவை உணவுச் சேர்மங்களாக விற்கப்படுகின்றன, மருந்தாக அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் தயாரிப்பாளரின் உரிமத்தைக் காட்டுவது. உங்கள் எடை குறையும் என்பதற்கு அது சான்று அல்ல.

வளரும் வயதில் எடை கூடுவது இயல்பு. அது உயரத்துக்கு மிஞ்சியதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்தே சொல்லிவிடுவார்கள். அந்த மாணவரை அங்கே அனுப்பியிருக்கிறேன். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

உங்களில் யாரேனும் ஏற்கெனவே இத்தகைய மாத்திரையை உண்டு வந்தால், வீட்டில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்துப் போதல், காரணமில்லாத குமட்டல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் என்ன இருந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தான்.