எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சவ்வுப் பிரிப்பு முறை

சவ்வுப் பிரிப்பு என்பது, கலவையிலுள்ள சில மூலக்கூறுகளைத் தன் வழியே விட்டு, மற்றவற்றைத் தடுக்கும் மெல்லிய படலத்தைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கும் முறையாகும். கடல்நீரைக் குடிநீராக்கும் எதிர் சவ்வூடு பரவல் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இம்முறை பயன்படுகிறது.

ஆலைகளில் பெரும்பாலான பிரித்தல்கள் காய்ச்சி வடித்தலால் நடைபெறுகின்றன. திரவத்தை ஆவியாக்க வெப்பம் வேண்டும். ஆவியை மீண்டும் திரவமாக்கக் குளிர்விக்க வேண்டும். சவ்வு முறையில் திரவம் திரவமாகவே பிரிகிறது. இதன் பயனை, உயவு எண்ணெயிலிருந்து மெழுகை நீக்கும் பிரிவில் தெளிவாகக் காணலாம்.

மெழுகு கலந்த எண்ணெய் குளிரில் உறைந்து இயந்திரத்தில் ஓடாமல் நின்றுவிடும். எனவே அதனுடன் மெத்தில் எத்தில் கீட்டோன், டொலுவீன் ஆகிய கரைப்பான்களைக் கலந்து, பூச்சியத்துக்குக் கீழ் குளிர்விப்பார்கள். மெழுகு படிகமாகிவிடும், அதை வடிகட்டி அகற்றலாம். எஞ்சுவது எண்ணெயும் கரைப்பானும் கலந்த குளிர்ந்த திரவம். கரைப்பானை மீட்க, அவ்வளவு பாடுபட்டுக் குளிர்வித்த அத்திரவத்தை மறுபடி சூடாக்க வேண்டும். கீட்டோன் 80 பாகை செல்சியசிலும், டொலுவீன் 111 பாகையிலும் கொதிக்கும். பிறகு அந்த ஆவியைத் திரவமாக்கி, மீண்டும் உறைகுளிருக்குக் கொண்டுவர வேண்டும். இது ஒவ்வொரு சுற்றிலும் தொடரும் வீண்செலவு.

கீட்டோனின் மூலக்கூறு நிறை 72, டொலுவீனின் நிறை 92. உயவு எண்ணெய் மூலக்கூறுகளோ பல மடங்கு பெரியவை. ஆகவே சவ்வால் இவற்றைப் பிரிக்க முடியும். தடையாக இருந்தது சவ்வுக்கான பொருள்தான். 1960ஐ ஒட்டி, கலிபோர்னியாவில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய புகழ்பெற்ற கடல்நீர்ச் சவ்வு செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனது. அதை வார்ப்பதற்கே அசிட்டோன் என்னும் கீட்டோனில் கரைத்தார்கள். அத்தகைய சவ்வைக் கீட்டோன் கரைப்பானில் வைத்தால் நிலைக்குமா?

கரைப்பானைத் தாங்கும் பாலிஇமைடு என்ற பலபடி இதற்குத் தீர்வானது. 1998இல், டெக்சாஸ் மாநிலத்தின் போமாண்ட் நகரிலுள்ள மொபில் சுத்திகரிப்பு ஆலையில், டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய 'மேக்ஸ்-டிவேக்ஸ்' அமைப்பு இயங்கத் தொடங்கியது. இதில் சவ்வுத் தாள்கள், துளையிட்ட குழாயைச் சுற்றிப் பாய்போலச் சுருட்டப்பட்டிருக்கும். குளிர்ந்த கலவையை உயர் அழுத்தத்தில் செலுத்தினால், கரைப்பானின் ஒரு பகுதி குளிர் மாறாமலே பிரிந்து மெழுகு நீக்கும் தொட்டிகளுக்குத் திரும்பும். மீதி வழக்கம்போல் காய்ச்சி வடிக்கப்படும். வெப்பமூட்டும், குளிரூட்டும் கருவிகளின் சுமை குறைந்ததால் அதே ஆலையில் கூடுதல் எண்ணெயைக் கையாள முடிந்தது.

வாயுக்களுக்கும் சவ்வுகள் உண்டு. 1980ஐ ஒட்டி மான்சாண்டோ நிறுவனம் 'பிரிசம்' என்ற பெயரில் வெளியிட்ட உள்ளீடற்ற இழைகள் ஹைட்ரஜனை மீட்கப் பயன்பட்டன. இவ்வகைச் சவ்வைச் சல்லடையாக எண்ணக்கூடாது. வாயு பலபடியில் கரைந்து, ஊடுருவி மறுபுறம் வெளியேறுகிறது. ஆனால் வெளிவரும் ஹைட்ரஜனின் அழுத்தம் குறைந்திருக்கும். அதை மீண்டும் அமுக்க மின்சாரம் செலவாகும்.

கச்சா எண்ணெயைச் சவ்வால் பிரிப்பது இவற்றைவிடக் கடினம். அதிலுள்ள எண்ணற்ற ஹைட்ரோகார்பன்கள் அளவிலும் தன்மையிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. கனமான அஸ்பால்டீன்கள் சவ்வின் மேல் படிந்து அடைத்துவிடும். பலபடிகள் வீங்கித் தளர்வதும் உண்டு. அதனால் இன்றும் கச்சா எண்ணெய் முதலில் செல்வது வடிகோபுரத்துக்கே.